செம்முடியும் செம்பட்டையும்
(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எங்கள் அழைப்பை ஒருநாளும் தட்டாத தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, சால்வைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் நல்ல வழக்கத்தைக் கொண்டுவந்த நூலகர் அவர்களே, பின்வரிசையில் இருக்கும் சத்துணவு அமைப்பாளர் அம்மா அவர்களே (உங்களை முன்னால் அல்லவா உட்கார வைத்திருக்க வேண்டும்!), அனைவருக்கும் வணக்கம்.

‘கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடிகிறாள்’ என்பார்கள். அந்தக் கூந்தல் பிறவியிலேயே செம்பு நிறமாக இருந்தால்? மூன்று செய்தி சொல்லப்போகிறேன். அது ஏன் வருகிறது, எங்கே வருகிறது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன நியாண்டர்தால் என்ற ஆதிமனிதருக்கும் இருந்ததா.

உலகில் நூற்றுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் செம்முடிக்காரர். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அதிகம்; அங்கும் சிறுபான்மைதான். முடிக்கு நிறம் தரும் மெலனினில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். செம்மஞ்சள் தருவது ஃபியோமெலனின். ‘கறுப்பைச் செய்’ என்ற கட்டளையை நிறமிச் செல் வாங்கிக்கொள்ள உதவுவது 16ஆம் குரோமோசோமில் உள்ள எம்சி1ஆர் மரபணு. அது மாறிப்போனால் கட்டளை சரியாக உள்ளே போகாது, செம்மஞ்சளே சேரும். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வர வேண்டும். அதனால்தான் கருமுடிப் பெற்றோருக்கும் சில சமயம் செம்முடிக் குழந்தை பிறக்கிறது. வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைக்கிறது! இந்த மரபணுத் தொடர்பு 1995இல்தான் வெளிவந்தது.

நெதர்லாந்தில் ஓர் ஓவியர், பார்ட் ரௌவன்ஹோர்ஸ்ட். அவருக்குச் செம்முடி கிடையாது, வரையத்தான் ஆசை. 2005இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: செம்முடி மாடல்கள் 15 பேர் தேவை. வந்தது எத்தனை பேர்? 150! பதினைந்து இலைக்குச் சமைத்தவன் வீட்டில் நூற்றைம்பது பேர் பந்திக்கு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? திருப்பி அனுப்ப மனமில்லை. எல்லாரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார், குலுக்கல் போட்டு மாடல்களைத் தேர்ந்தார். அந்தக் கூட்டமே ஆண்டுதோறும் திருவிழா ஆகிவிட்டது. 2013இல் பிரேடா நகரில் 1,672 செம்முடிக்காரர்கள் ஒன்றாக நின்று கின்னஸ் சாதனை படைத்தார்கள். கூந்தல் இருக்கிற சீமாட்டி!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நியாண்டர்தாலரை இன்னொரு நாள் பார்ப்போம்.

நம் தெருவிலும் ‘செம்பட்டை’ என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறோமே, அது இந்த மரபணுவா? பெரும்பாலும் இல்லை. வெயிலாலும் முடி வெளுக்கும். ஆனால் புரதம் போதாமலும் கறுப்பு குறையும். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் இன்றைய கானாவில் குவாஷியோர்கர் என்ற ஊட்டக்குறை நோயைப் பதிவு செய்தார். முடி செம்பட்டையாவது அதன் அடையாளங்களில் ஒன்று. சில பிள்ளைகளின் ஒற்றை முடியை வெளிச்சத்தில் பிடித்தால் வெளிறிய பட்டை, கறுப்புப் பட்டை, மறுபடி வெளிறிய பட்டை என்று தெரியும். வயிறு காய்ந்த மாதமும் நிறைந்த மாதமும் அதில் வரிசையாக நிற்கும்.

இதைச் சொல்லத்தான் ஐயா ஸ்காட்லாந்தைச் சுற்றி வந்தேன். பள்ளி நடக்கும்போது சத்துணவில் முட்டை உண்டு. மே மாதம் பள்ளி மூடினால் முட்டையும் போச்சு. கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடிவாள், வசதி இருக்கிற வீடு முட்டை வாங்கும். மற்ற பிள்ளைகளுக்கு? கோடையிலும் முட்டை வேண்டும் என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழிதான். பேனா செயலாளரிடம் கிடைக்கும். ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.