கிராக்கா, கீறலா? ஃபிளாஷை அணைச்சுட்டு வாங்க!

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொஞ்சம் கடுப்புலதான் கேமரா முன்னாடி உக்காந்திருக்கேன். காரணம், தப்பா அச்சான காசுன்னு நீங்க அனுப்புற போட்டோ. முக்கால்வாசிப் பேரு ஃபிளாஷ் போட்டே எடுக்குறீங்க. நடுவுல வெள்ளையா ஒரு பளீர், ஓரத்துல கட்டை விரலு, கீழ "அண்ணா, இது எத்தன லட்சம் போகும்?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும்.

ஒருத்தர் அனுப்புன ஒரு ரூபா காசுல சிங்கத்துப் பக்கத்துல ஒரு கோடு. அது டை கிராக்கா, வெறும் கீறலா? டைன்னா காசு அடிக்கிற அச்சு. அதுல வெடிப்பு விட்டிருந்தா, அடிக்கிறப்போ உலோகம் அந்த வெடிப்புக்குள்ள ஏறிடும். அதனால காசுல கோடு மேடா நிக்கும். கீறல்னா பள்ளம். விஷயம் அவ்ளோதான். ஆனா நேருக்கு நேர் ஃபிளாஷ் அடிச்சா மேடு எது பள்ளம் எதுன்னு கடவுளுக்கே தெரியாது. வீட்டுச் சுவத்தைப் பாருங்க, பகல்ல வழவழன்னு இருக்கும். ராத்திரி அதே சுவத்துல டியூப் லைட்டைப் போட்டதும் கொத்தனார் வேலை மொத்தமும் அம்பலம்! காசுக்கும் அந்த மாதிரி சாய்ஞ்ச லைட்டுதான் வேணும்.

காசுக்கு மேல்பக்கம், கடிகாரத்துல 12 இருக்குற திசையில, லைட்டை நல்லா தாழ வைங்க. மேடுன்னா லைட் பக்கம் மினுங்கும், அந்தாண்ட நிழல் விழும். பள்ளம்னா அப்படியே மாறும். லைட்டைக் கீழ்ப்பக்கம் வச்சுடாதீங்க. வெளிச்சம் மேல இருந்து வரும்னே பழகுன கண்ணு, மேட்டைப் பள்ளம்னு சாதிக்கும்.

இந்த லேம்ப் இருக்கே, கழுத்து வளையுது பாருங்க, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில வாங்குனது. 450 சொன்னாரு. நான் 250. "கட்டுப்படி ஆகாதுங்க தம்பி." வண்டியை ஸ்டார்ட் பண்ணேன், கூப்பிடுவாருன்னு. கூப்பிடவே இல்ல! எதுத்தாப்புல ஒரு டீ குடிச்சுட்டு நானே திரும்பப் போயி 320க்கு முடிச்சேன். வீட்டுல வந்து பிரிச்சா பல்பு இல்ல. போன் பண்ணா, "பல்பு தனிங்க." டப்பா மேல பல்பு படம் போட்டிருக்கு மக்களே, அதுவும் எரியுற பல்பு! அது ஒரு 90. ஆக 410. மிச்சம் 40, அதுல டீ, பெட்ரோல்... சரி விடுங்க, வயித்தெரிச்சல்.

அட, லைட்டையே பேசிட்டு போனை விட்டுட்டேன். காசுகிட்ட கொண்டுபோனதும் நிறைய போன் தானாவே மேக்ரோவுக்கு, அதாவது ரொம்பக் கிட்டத்துல எடுக்குற மோடுக்குத் தாவிடும். அதுல ஒட்டி வச்சாத்தான் ஃபோகஸ் ஆகும், அப்போ போன் நிழலே காசை மூடும். மேக்ரோவை அணைங்க. ஒரு சாண் உயரம், ரெண்டு மடங்கு ஜூம். காசு மேல விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸை லாக் பண்ணிட்டு, படத்தோட வெளிச்சத்தைக் குறைங்க. டைமர் வைங்க, கை ஆடாது. ஏற்காடு வீடியோல பனி வெளிச்சத்துல எடுத்த படத்தை "செம"ன்னு புகழ்ந்தீங்களே, அது கலருக்குத்தான் நல்லாருக்கும். கிராக் அதுல சுத்தமா காணாம போகும்.

இப்போ என் செல்லம். பழைய ஸ்டீல் ஒரு ரூபா, ஓரத்துல பிறை மாதிரி கடி. தகட்டுல வில்லை, அதாவது இன்னும் அச்சடிக்காத வட்டத் துண்டு, வெட்டும்போது, ஏற்கனவே வெட்டுன ஓட்டை மேல பஞ்ச் பட்டா இப்படி வரும். ஸ்டீல் வில்லைன்னா நமக்கு ஒரு பெருமை இருக்கு, நம்ம சேலம் உருக்காலையிலயே நாணய வில்லை வெட்டுறாங்க. இந்தக் காசோட வில்லை எங்க வெட்டுனதுன்னு காசைப் பாத்துச் சொல்ல முடியாது, அத என்கிட்ட கேக்காதீங்க. செவ்வாய்ப்பேட்டையில ஒரு கொலுசுப் பட்டறையில எடை போட்டேன். 4.85 கிராம் இருக்கணும், 4.41தான். ஆனா அரம் போட்டுத் தேய்ச்சாலும் எடை குறையுமே! அதனால கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்தை எடுங்க. இதோ, இங்க விளிம்பு மழுங்கிக் கிடக்குது பாருங்க. அச்சடிக்கிறதுக்கு முன்னாடி வில்லையை உருட்டி விளிம்பு எழுப்புவாங்க. கடிச்ச இடத்துல பிடி இல்லாததால எதுத்த பக்கமும் எழும்பல. பிளேக்ஸ்லி எஃபெக்ட்னு பேரு. அரம் போட்ட ஆளு இதை எங்க போய்க் கொண்டுவருவாரு? இந்த ஒரு போட்டோ வந்தப்போ நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க.

அப்புறம், புளி போட்டுத் தேய்ச்சுட்டு போட்டோ எடுக்குறவங்க தயவுசெஞ்சு சேனலை விட்டுக் கிளம்புங்க. சும்மா சொல்லல.

அனுப்புறதுன்னா ரெண்டு படம். லைட் 12 மணியில ஒண்ணு, காசை அசைக்காம லைட்டை மட்டும் 9 மணிக்கு நகத்தி ஒண்ணு. லைட் வர்ற திசையிலயே கோடு ஓடுச்சுன்னா ஒத்தப் படத்துல தெரியாது. வருஷமும், அதுக்குக் கீழ எந்த ஊர்ல அச்சடிச்சதுன்னு சொல்ற குறியும் தெளிவா விழணும்: டைமண்ட் மும்பை, ஸ்டார் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா. சிங்கம் பக்கத்துல கோடுன்னு அனுப்புன நண்பரே, உங்க ரெண்டு படம் வந்ததும் அடுத்த வீடியோல முதல் ஆளா உங்களதுதான் பாக்குறோம்.