இடப்பக்கத்தை முதலில் கவனியுங்கள், ஆர்டெட்டா!

வணக்கம் நண்பர்களே. என் பின்னால் தெரியும் இந்த வெள்ளைப் பலகையைக் கொஞ்சம் பாருங்கள். காந்த வில்லைகளை ஒட்டி, பயிற்சியாளர் ஆர்டெட்டாவின் ஆர்சனல் கால்பந்து அணியை அடுக்கும் பலகை இது. வலப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. இடப்பக்கம் எழுதி அழித்து, எழுதி அழித்துச் சாம்பல் பூத்துவிட்டது. இன்று நான் பேச வந்த விஷயமே அந்தச் சாம்பல்தான்.

2024-25 சீசனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 74 புள்ளிகள், மீண்டும் இரண்டாமிடம். தொடர்ந்து மூன்றாவது முறை. "கோல் அடிக்க ஆள் இல்லை, அதுதான் குறை" என்றீர்கள். இப்போது கோல் அடிக்கவென்றே யோக்கரெஸ் வந்துவிட்டார், இனிக் கவலை இல்லை என்கிறீர்கள். எனக்குக் கவலை தீரவில்லை. எத்தனை பெரிய ஸ்ட்ரைக்கராக இருந்தாலும், பந்து ஒரே பக்கத்திலிருந்து வந்தால் அவர் என்ன செய்வார்?

வலப்பக்கம் நடப்பதைப் பாருங்கள். வலப்பக்க விங்கர் சாக்கா கோட்டோரம் பந்தை வாங்கி நிற்பார். உடனே எதிரணியில் இரண்டு பேர் அவர்மேல் பாய்வார்கள். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் பென் வைட் வெளிப்பக்கமாக ஓடினால் ஒருவர் அவர் பின்னே போயாக வேண்டும். அந்த நொடியில் நடுகள ஆட்டக்காரர் ஒடேகார்ட் உள்ளே வந்து நிற்பார், திரும்பிப் பார்க்கக்கூட வேண்டாம். மூவரும் வருடக்கணக்கில் சேர்ந்து ஆடிய பழக்கம் அது.

இடப்பக்கமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2022-23ஐ நினைத்துப் பாருங்கள். லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஜின்சென்கோ நடுகளத்துக்குள் நழுவுவார், நடுகள ஆட்டக்காரர் ஷாக்கா பெனால்டி பகுதிக்குள் ஓடுவார், எதிரணியின் ஒரு தடுப்பாட்டக்காரர் ஷாக்காவோடு போய்விடுவார். இடப்பக்க விங்கர் மார்ட்டினெல்லிக்கு எதிரே ஒரே ஒருவர் மிஞ்சுவார். அந்த ஆண்டு லீக்கில் மார்ட்டினெல்லி 15 கோல், ஷாக்கா 7 கோல். பிறகு ஷாக்கா ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்குப் போனார், முதல் சீசனிலேயே ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் பட்டத்தை வென்றார். (இதைச் சொல்லும்போது இன்னமும் வயிறு எரிகிறது.)

அவர் இடத்தில் ஹாவர்ட்ஸ், பிறகு ரைஸ், பிறகு மெரினோ. லெஃப்ட் பேக்கில் கிவியோர், டோமியாசு, திம்பர், கலஃபியோரி என்று பட்டியல் நீள்கிறது. பாதி காயத்தின் வேலை, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி ஆர்டெட்டாவின் கை அரிப்பு.

2023-24 சீசனில் மார்ட்டினெல்லியின் லீக் கோல் ஆறாகக் குறைந்ததும் அவரைத் திட்டினோம். நானும்தான் திட்டினேன். ஆனால் 2025 ஏப்ரலில் மட்ரிட்டில், கடைசி நிமிடங்களில் மெரினோ தள்ளிய பந்தைத் துரத்தி ஓடி அவர் கோல் அடித்ததை மறந்துவிட முடியுமா? எதிரில் திறந்த புல்வெளி இருந்தால் அந்தக் கால்களை யாரும் பிடிக்க முடியாது. எதிரணி பத்துப் பேரும் கோல் முன்னால் குவிந்து நின்றால், பக்கத்தில் துணை இல்லாமல் அவர் திணறுகிறார்.

ஆகவே என் அணி இதுதான். லெஃப்ட் பேக்கில் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி. மான்செஸ்டர் சிட்டியை 5-1 என்று வென்ற நாளில் கோல் அடித்துவிட்டு, அந்த அணியின் ஹாலண்டைப் போலவே சம்மணமிட்டு உட்கார்ந்தானே, அந்தப் பையன்! அகாடமியில் நடுகள ஆட்டக்காரனாக வளர்ந்தவன், உள்ளே நழுவுவது அவனுக்குக் கைவந்த கலை. நடுகளத்தில் பின்னால் சுபிமென்டி காவல் இருப்பதால், ரைஸ் ஷாக்காவைப் போல முன்னே ஓடலாம். வெளியே மார்ட்டினெல்லி. இந்த மூவரையும் பத்து ஆட்டத்துக்குக் கலைக்கக் கூடாது. இரண்டு ஆட்டம் தோற்றாலும் கலைக்கக் கூடாது.

கார்னர்களைப் பற்றி இன்று பேசவில்லை. கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றுக்கான பயிற்சியாளர் ஜோவர் இருக்கும்வரை அந்தக் கவலை அவருடையது.

இடப்பக்கத்தில் ஆடும் இன்னொருவரான ட்ரொசார்டை எங்கே வைப்பாய் என்று கேட்பீர்கள். இதோ, அவருடைய வில்லை பலகையின் ஓரத்தில் இருக்கிறது. எழுபதாவது நிமிடத்தில், எதிரணிக்கு மூச்சு வாங்கும்போது இறக்குவேன். திட்டுவதென்றால் திட்டுங்கள், வில்லையை நகர்த்தப் போவதில்லை.