தலைசுத்தோட வாழ்ந்த மனுசன்

வணக்கம் நேயர்களே, திருகோணமலையில இருந்து கதைக்கிறன். அயர்லாந்து எழுத்தாளர் ஜொனதன் சுவிஃப்ட் பற்றித்தான் இண்டைக்கு. அவர் எழுதின, கலிவரை விரலளவு மனுசர் நூலால கட்டி வைக்கிற கதை எல்லாருக்கும் தெரியும், 1726ல வந்தது, அது சின்னப்பிள்ளையளுக்கெண்டு எழுதினதில்ல, அரசாங்கத்தையும் மனுசற்ற பெருமையையும் கிழிகிழியெண்டு கிழிச்சது.

எனக்கு அவற்ற கடைசிக் காலம்தான் மனசை விட்டுப் போகாதது. பைத்தியம் பிடிச்சுச் செத்தவர் எண்டு கனபேர் எழுதிப்போட்டினம். அது பிழை. இருபது வயசளவில இருந்தே அவருக்குத் தலைசுத்து, பிறகு காதும் கேளாமப் போச்சு, அப்பிள் கூடத் திண்டதால வந்தது எண்டு நம்பினவர். அது உட்காதில வாற வருத்தம், மெனியர் எண்ட பிரெஞ்சு டொக்டர் அதைக் கண்டு எழுதினது 1861லதான்.

என்ர அம்மம்மாவுக்கும் இதே மாதிரி. உவர்மலை வீட்டில காலமை எழும்பினா கதவு நிலையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பா, "தரை ஆடுதடா தம்பி, வள்ளத்தில நிக்கிற மாதிரி" எண்டுவா. காது கேக்காமக் கேள்விக்கு மாறிப் பதில் சொல்லுவா, அயலுக்க அவவுக்கு மண்டை பிசகு எண்டு கதைச்சவை. எனக்கு இப்பவும் அது வலிக்கும், அதால சுவிஃப்டைப் பைத்தியம் எண்டா நான் விடமாட்டன்.

இங்கிலாந்து அரசாங்கம் அயர்லாந்துச் சனத்தின்ர தலையில செப்புக்காசைக் கட்டப் பார்க்கேக்க, 1724ல துணிக்கடைக்காரன் எண்ட பேரில கடிதம் எழுதி எழுப்பிவிட்டவர். எழுதினவனைக் காட்டிக்குடுத்தா 300 பவுண் எண்டாங்கள். டப்ளின் முழுக்கத் தெரியும், ஒரு சனம் வாய் திறக்கேல்ல.

1728ல அவற்ற உயிர்ச் சிநேகிதி ஸ்டெல்லா செத்துப்போனா. இவருக்குச் சுகமில்லாததால செத்தவீட்டுச் சடங்குக்குப் போக ஏலாமப் போச்சு. படுக்கையறை யன்னலுக்கு நேர, சடங்கு நடக்கிற தேவாலயத்தின்ர வெளிச்சம், அதைப் பார்க்க மனம் தாங்காம வேற அறைக்குப் போயிருந்து அவவைப் பற்றி எழுதினவர்.

பிறகு நினைவும் பேச்சும் போக, 1742ல அவரைப் பாக்கப் பொறுப்பாளரைப் போட்டாங்கள், 1745ல செத்தார். ஆனா 1740லயே உயில் எழுதி வைச்சிட்டார், தன்ர சொத்தில பெரும்பகுதி, 12,000 பவுண் அளவு, மனநோயாளருக்கு ஆஸ்பத்திரி கட்ட வேணுமெண்டு. 1757ல திறந்தது, டப்ளினில இண்டைக்கும் அங்க வைத்தியம் நடக்குது.