லண்டனை விட்டு வந்தேன், அதன் பெருமையை விடவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணைக்கும் தங்கச்சிக்கும், இந்தக் குளிரிலும் ஸ்காபரோவின் நாலு பக்கத்திலிருந்தும் வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் சனத்துக்கும் என் வணக்கம்.

வெளிநாட்டில் வாழும்போது பிரிட்டிஷ் பண்பாட்டை நினைத்துப் பெருமைப்படலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. லண்டனில் சில காலம் வாழ்ந்துவிட்டுக் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர். நானும் ஒருத்தி. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் ரூட்டிங் பக்கம் வாழ்ந்தேன். அதில் பதினைந்து வருடம் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. ரொறன்ரோவுக்கு வந்து ஏழு வருடம். பெருமைப்படலாமா என்று இங்கே கேட்கிறார்கள். நான் பெருமைப்படுகிறேன் ஐயா. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணை நெஞ்சு உருகக் கதைத்தார். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்ததைச் சொன்னார். 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் சுட்டதைச் சொன்னார். 1948இல் இலங்கையைச் சிறுபான்மையினருக்குப் பலமான பாதுகாப்பு இல்லாமல் விட்டுப் போனதையும், அதே வருடம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதையும் சொன்னார். 1987இல் ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கப்பலுக்குள் நம் அகதிகளை அடைத்து வைத்ததையும், அக்டோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து அலைந்ததையும் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, "இவ்வளவும் செய்தவனின் பண்பாட்டுக்கா நீ பெருமைப்படுகிறாய், தங்கச்சி?" என்று கேட்டார்.

அண்ணை, நீங்கள் சொன்னதில் ஓர் எழுத்தையும் நான் மறுக்கமாட்டேன். என் மகனுக்கும் இதையெல்லாம் சொல்லித்தான் வளர்க்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் அரசாங்கம் செய்ததெல்லாம் அந்த நாட்டுச் சனத்தின் பண்பாடு என்று நீங்கள் கணக்கு எழுதினால், 83 ஜூலைக் கலவரத்தில் தமிழரைத் தங்கள் வீட்டு அறைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்களை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? அரண்மனைக்கும் முடிக்கும் அந்த முடியில் இருக்கும் கல்லுக்கும் நான் பெருமைப்பட வரவில்லை. அந்த நாட்டுச் சாதாரண சனம் தங்கள் கையால் கட்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் இங்கே நிற்கிறேன்.

அதில் ஒன்று நான் லண்டனைக் கண்ணால் காண்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1991ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. இரவு ஒன்பது மணிக்கு அப்பா சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். அண்ணா குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுவான். பக்கத்து வீட்டு மாமா, எதிர்வீட்டு ஆச்சி எல்லாரும் படியில் வந்து இருப்பார்கள். ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. அண்ணாவின் கை சளைத்தால் குரல் அமுங்கும். "சுத்தடா, சுத்தடா!" என்று அப்பா பதறுவார். எந்த ஊரில் குண்டு விழுந்தது, எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று கேட்பதற்காக ஒரு பிள்ளை வியர்க்க வியர்க்கப் பெடல் சுற்றினான். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ விறாந்தைகளில் இப்படித்தான் ரேடியோ பாடியது. இங்கே தலையாட்டுகிறவர்களைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்தத் தமிழோசை 1941இல், உலகப் போர்க்காலத்தில், பிரிட்டன் தன் தேவைக்காகத் தொடங்கியதுதான். ஆனாலும் அப்பா ஏன் அதை நம்பினார்? அரசாங்கம் சொன்னதையும் சொல்லும், புலிகள் இயக்கம் சொன்னதையும் சொல்லும், நடுவில் செத்த சனத்தையும் சொல்லும். நமக்குப் பிடிக்காததைச் சொன்ன நாட்களில் படியில் இருந்த மாமா கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார். அடுத்த நாள் ஒன்பது மணிக்கு முதல் ஆளாக வந்து இருப்பார். அரசாங்கத்தின் காசில் ஓடிக்கொண்டே அதே அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம் என்ற துணிவு ஒரு பண்பாடு ஐயா. அது எவ்வளவு அரிது என்று நாம் ஓடிவந்த மண்ணில் பத்திரிகை நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் ஊருக்கு வருகிறேன். இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையில் மௌசல் என்று ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம். நம்முடைய வல்வெட்டித்துறை போல, கடலைப் பார்த்தே வாழும் ஊர். 1981 டிசம்பர் 19 இரவு. யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல் எஞ்சின் நின்று பாறையை நோக்கித் தள்ளப்படுகிறது. உள்ளே எட்டுப் பேர். கப்பல் தலைவனின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள்தான். கடற்படை ஹெலிகொப்டர் முயன்று பார்த்தது, காற்று விடவில்லை. அப்போது உயிர்காப்புப் படகுக்கு ஆள் கேட்டார்கள். பிரிட்டனில் அந்தப் படகுகள் அரசாங்கத்தின் சொத்தல்ல. 1824இல் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்பு, சனம் உண்டியலில் போடும் காசில் அவற்றை நடத்துகிறது. படகில் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள்: மீனவர், கடைக்காரர், தச்சர். இந்த 200 வருடத்தில் 1,40,000க்கும் மேற்பட்ட உயிர்களை அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அன்றிரவு ஒரு தகப்பனும் அவருடைய பதினேழு வயது மகனும் ஓடி வந்தார்கள். படகுத் தலைவர் தகப்பனை ஏற்றிக்கொண்டு மகனைக் கரையில் நிறுத்திவிட்டார். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேரை அந்தக் கடலுக்குள் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. எட்டுப் பேர் சாலமன் பிரவுன் என்ற மரப்படகில் 60 அடி அலைக்குள் போனார்கள். கப்பலில் இருந்து நாலு பேரை எடுத்துவிட்டோம் என்று வானொலியில் ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு சத்தமில்லை. கப்பலில் எட்டு, படகில் எட்டு, பதினாறு பேரும் போய்விட்டார்கள்.

இனித்தான் கேளுங்கள். ஒரு நாள் கழிவதற்குள் புதிய படகுக்குத் தேவையான ஆட்கள் அதே கிராமத்தில் தாங்களாக முன்வந்துவிட்டார்கள். கரையில் நிறுத்தப்பட்ட அந்தப் பையன் பின்னாளில் அதே உயிர்காப்பு நிலையத்தின் படகுக்குத் தலைவரானான். அப்பாவை விழுங்கிய கடலுக்குள் திரும்பத் திரும்பப் போனான், முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக. யாதும் ஊரே யாவரும் கேளிர் என்று படித்து வளர்ந்த நாம் இதற்குப் பெருமைப்படக் கூடாதா? கோர்ன்வால்காரன் செய்தால் அது அந்நியமாகிவிடுமா?

இன்னொன்றையும் சொல்லிப் போகிறேன். இங்கிலாந்தில் மலையில் நடப்பதற்கு இன்று யாரும் தடுப்பதில்லை என்றால், தனியார் நிலம் என்று மூடிவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைக்குள் 1932 ஏப்ரல் 24இல் தடையை மீறி ஏறிய மான்செஸ்டர் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் அந்தப் பகுதிதான் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. அண்ணை சொன்ன அதே அதிகாரத்தோடு அவர்களும் மல்லுக்கட்டித்தான் வென்றார்கள்.

அண்ணை 1948ஐச் சொன்னார். அதே 1948இல், ஜூலை 5ஆம் தேதி, பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தரும் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. தொடக்கியவர் அன்றைய அமைச்சர் அனைரின் பெவன், பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். வேல்சில் அவருடைய ஊரான ட்ரெடிகரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். அதைத்தான் அவர் ஒரு நாட்டுக்கே செய்து காட்டினார். அந்தச் சேவையில் பதினைந்து வருடம் நானும் ஒரு கை. விடியப்புறம் மூன்று மணிக்கு என் வார்டில் ஒரு கிழவி இறந்துபோனார். கணவர் கட்டிலருகில் அப்படியே இருந்தார். எங்கள் உதவியாளர் பெண் ஒன்றும் பேசாமல் போய்த் தேத்தண்ணி போட்டு வந்தாள். வழக்கமான மக்கில் அல்ல. தட்டத்தில் விரிப்புப் போட்டு, சாசரோடு கோப்பை, பக்கத்தில் சின்னக் குவளையில் பால். அந்த மனிதர் அதைக் குடிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தார். அந்தத் தேயிலையில் மலையகத் தமிழரின் ரத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் சக தாதிகளுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். அமைதியாக இருந்து கேட்டார்கள். அது தெரிந்தும் அந்தக் கோப்பையை நீட்டிய கையை நான் மதிக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பிருக்கிறது.

எதிரணித் தங்கச்சி வேறு வழியால் வந்தார். கனடா சோறு போடுகிறது, தமிழைக் காப்பாற்றவே நேரம் போதவில்லை, நடுவில் மூன்றாவதாக ஒரு பெருமை எதற்கு என்றார். தங்கச்சி, நீங்கள் இன்று காசு கொடுக்காமல் டொக்டரிடம் போகிறீர்களே, அதற்கு இந்த நாட்டில் வழி வெட்டியவர் யார்? டாமி டக்ளஸ். ஸ்கொட்லாந்தில் பால்கர்க் ஊரில் 1904இல் பிறந்தவர். சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வராக இருந்து அவர் தொடக்கிய வைத்தியத் திட்டம் 1962 ஜூலையில் அங்கே நடைமுறைக்கு வந்தபோது டொக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நோயாளிகளைக் கைவிடாமல் இருக்கப் பிரிட்டனில் இருந்தும் டொக்டர்களைக் கூப்பிட்டார்கள். 2004இல் கனடியச் சனம் வாக்குப் போட்டு மிகச் சிறந்த கனடியர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. அவர் எந்த ஊர்ப் பெருமை? மனிதர் போகிற இடத்துக்கு நல்லதைக் கொண்டுபோகத்தான் செய்வார்கள். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுபோனேன், லண்டனிலிருந்தும் கொண்டுவந்தேன். ஒன்று வந்ததால் மற்றது குறையவில்லை. என் மகன் தேவாரமும் பாடுகிறான்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிடம் தாருங்கள் ஐயா.

அந்தப் படகில் போனவர்களில் ஒருவர் மௌசலில் மதுக்கடை நடத்தியவர். அந்த வருடம் துறைமுகத்தின் கிறிஸ்மஸ் விளக்குகளை ஏற்றி வைத்தவரும் அவர்தான். இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 19ஆம் தேதியும் இரவு எட்டு மணிக்கு அந்த ஊரில் விளக்குகளை ஒரு மணி நேரம் மங்கச் செய்கிறார்கள். லண்டனில் இருந்தபோது ஒருமுறை போய் அந்தத் துறைமுகச் சுவரில் நின்றிருக்கிறேன். இங்கே வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் எங்கள் அடுக்குமாடி வீட்டில், எங்கள் எட்டு மணிக்கு, ஜன்னலில் தொங்கும் விளக்கை நான் அணைப்பேன். போன டிசம்பரில் இரவு வேலை முடித்து வந்து அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது எட்டே கால். பதறி எழும்பி ஹோலுக்கு வந்தேன். விளக்கு அணைந்திருந்தது. மகன் ஜன்னலடியில் இருட்டில் இருந்தான். "சத்தம் போடாதேங்கோ அம்மா, இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு" என்றான்.

நன்றி, வணக்கம்.