கம்பஸ்களுக்கு மட்டும் தனி நெட்வேர்க் எதற்கு? – பண்டாரவளை அம்மாவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. பண்டாரவளையிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். அவருடைய மகன் மொறட்டுவை கம்பஸில் படிக்கிறார். கிரிக்கெட் மேட்ச் ஒன்றுக்காகப் பேராதனைக்குப் போயிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததுமே அவருடைய போன் பேராதனை கம்பஸ் வைஃபையில் தானாகச் சேர்ந்துகொண்டதாம். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அம்மா கேட்கிறார்: "இது எப்படி நடந்தது? டெலிகொம், டயலொக் எல்லாம் இருக்கும்போது கம்பஸ்களுக்கு மட்டும் தனியாக ஒரு நெட்வேர்க் எதற்கு? அது யார் காசு?"

மூன்றாவதைத்தான் அவர் முதலில் கேட்க நினைத்திருப்பார். மாதாமாதம் பிள்ளையின் போனுக்கு ரீலோட் போடுகிற கை அல்லவா!

சரி, முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அந்த வைஃபையின் பெயர் எடுரோம். ஐரோப்பாவில் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, இப்போது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. மகன் தன் போனில் பதிந்து வைத்திருக்கும் பெயரின் பின்பாதியில் மொறட்டுவையின் முகவரி இருக்கும். பேராதனை அந்தப் பின்பாதியை மட்டும் பார்த்துவிட்டு, "இவர் உங்கள் மாணவர்தானா?" என்று மொறட்டுவையைக் கேட்கிறது. "ஆமாம்" என்று பதில் வந்ததும் உள்ளே விடுகிறது. பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது மொறட்டுவைதான், பேராதனைக்கு அது தெரியவே தெரியாது. இந்தக் கேள்வியையும் பதிலையும் நடுவில் நின்று கடத்திக் கொடுக்கிறவர்கள்தான் லேர்ன், அதாவது இலங்கையின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு. அதன் அலுவலகம் கொழும்பில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது இருப்பது பேராதனை வளாகத்துக்குள்ளே. நம் மலைப்பக்கத்தில் இருந்துகொண்டு நாட்டுக்கே நெட்வேர்க் நடத்துகிறார்கள். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தனியாக எதற்கு என்ற கேள்வி. இதற்கு லேண்ட்வெபர் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பழைய நேயர்கள் "மறுபடியுமா?" என்பீர்கள். புதிதாக வந்தவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970களில் அமெரிக்காவில் ஆர்பாநெட் என்று ஒரு நெட்வேர்க் இருந்தது. பாதுகாப்புத் துறையின் பணம். அந்தத் துறையின் ஆராய்ச்சிகளைச் செய்த இடங்களுக்குத்தான் இணைப்பு. மற்றப் பல்கலைக்கழகங்களில் அதே பாடத்தைப் படிப்பித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் கட்டுரை அனுப்பினார்கள், வெளியே இருந்தவர்கள் அது அச்சாகி வரும்வரை காத்திருந்தார்கள். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த லாரி லேண்ட்வெபர் வெளியே நின்றவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு, "நமக்கு நாமே ஒன்று போடுவோம்" என்று கிளம்பினார். 1981இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதற்குப் பணம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: கொஞ்ச வருடத்துக்குத்தான் தருவோம், பிறகு சேர்ந்திருப்பவர்களே சந்தா கட்டி நடத்த வேண்டும். அதுதான் சிஎஸ்நெட்.

வசதியில்லாத கல்லூரிகள் அதில் சாதாரண டெலிபோன் லைனில்தான் சேர்ந்தன. நம் தோட்டங்களில் தபால் போய்வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. எல்லோருடைய கடிதமும் தோட்ட ஆபீசுக்கு வரும். தபால்காரர் ஒரு தடவை டவுனுக்குப் போய், பையைக் கொடுத்துவிட்டு வந்த பையை எடுத்துக்கொண்டு வருவார். அதே போல அந்தக் கல்லூரிக் கம்ப்யூட்டர் கடிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும். நேரம் வந்ததும் ஒரு போன் கோல், அனுப்ப வேண்டியது போகும், வந்தது இறங்கும், லைனை வைத்துவிடும். (லயத்துக்கு முகவரி இல்லாத கதை இன்னும் தீரவில்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஆபீஸ் மேசையிலேயே கிடந்து தேதி போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதைத் தனியாகப் பேச வேண்டும்.)

நம் நாட்டில் லேர்னின் ஆரம்பமும் இதேதான். 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் டெலிபோன் வழியாகத்தான் மின்னஞ்சல் ஓட்டினார்கள். நாட்டில் இன்டர்நெட் விற்கிற கம்பனி ஒன்றுகூட இல்லாத காலம். சிலபேர் கேட்பார்கள், "கம்பனிகள் இருக்கும்போது கம்பஸ்கள் ஏன் தனியாகப் போனார்கள்?" என்று. கம்பஸ்கள்தான் முதலில் வந்தார்கள், கம்பனிகள் பிறகு வந்தன. 1990களின் நடுவில் கொழும்பு, மொறட்டுவை, திறந்த பல்கலைக்கழகம் மூன்றும் நிரந்தரமாக இணைந்தன. மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

வேகத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அமெரிக்காவே 1986இல் பெரிய கம்ப்யூட்டர் மையங்களை இணைத்தபோது லைனின் வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு படம் 5 மெகாபைட் என்றால், அந்த லைனை வேறு யாரும் தொடாமல் இருந்தாலும் அது போய்ச்சேர 12 நிமிடம் ஆகும். இரண்டு வருடத்தில் அது போதாமல் போய் 1.5 மெகாபிட் ஆக்கினார்கள்.

இன்று கம்பனிகள் இருக்கின்றன, சரி. இன்றும் ஏன் தனியாக? கம்பனி தன் லைனை ஆயிரம் பேருக்கு விற்கும்போது, ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தைக் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போடும். வீட்டுக்கு அது சரி. வானியல் ஆய்வாளரோ மரபணு ஆய்வாளரோ ஒரே மூச்சில் மலை மலையாகத் தரவை இழுப்பார். அதற்கு எப்போதும் இடம் காலியாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு கம்பஸும் தனித்தனியாகப் போய் விலை பேசுவதும், எல்லோரும் சேர்ந்து ஒரே வாயால் பேசுவதும் ஒன்றா? கேபிளை டெலிகொம் கம்பனியிடம் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். அதில் என்ன ஓட வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது உறுப்பினர்கள். இதைத்தான் நான் ஒவ்வொரு காணொளியிலும் சொல்கிறேன்: பயன்படுத்துகிறவன் கையில் சாவி இருக்க வேண்டும்.

2020இல் அந்தச் சாவியின் அருமை தெரிந்தது. கொரோனாவில் கம்பஸ்களை மூடியதும் லேர்ன் வழியாகவே ஸூம் வகுப்புகள் நடந்தன. தொலைபேசிக் கம்பனிகளோடு பேசி, கம்பஸ் பாடங்களைப் பார்க்க மாணவர்களுக்கு டேட்டா செலவாகாமல் செய்தார்கள். சொந்தமாக ஒன்று இல்லாவிட்டால் எதைக் காட்டி இலவசம் கேட்பது?

யார் காசு என்றால், உங்கள் காசுதான் அம்மா. அரசு பல்கலைக்கழகங்கள் கட்டும் கட்டணம் கடைசியில் நீங்கள் தேயிலைக்கும் பருப்புக்கும் சேர்த்துக் கட்டுகிற வரியிலிருந்துதான் வருகிறது.

காசு உங்களுடையது என்பதால், நீங்கள் கேட்காத ஒன்றை நானே கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு வெளியே நிற்பது யார்? அதே கொரோனா காலத்தில் உங்கள் பதுளை மாவட்டத்திலேயே ஒரு கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து பாறை உச்சியில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். உலகச் செய்திகளில் வந்தது. கம்பஸ் பிள்ளைக்கு டேட்டா இலவசம். உயர்தரம் எழுதப்போகிற தோட்டத்துப் பிள்ளைக்குப் பாறை. கம்பஸுக்குள் போய்விட்டவர்களுக்கே வசதி செய்துகொண்டிருந்தால், போகப் பாடுபடுகிறவர்களுக்கு யார் செய்வது? கம்பஸ் லைன் வந்துநிற்கும் டவுனிலிருந்து தோட்டப் பாடசாலை எத்தனை கிலோமீட்டர்? தொழில்நுட்பத்தில் அது பெரிய வேலையே இல்லை, மேட்டுக்கு மேடு ரேடியோ லிங்க் போடலாம், மலைநாடு அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. மாதாமாதம் பில் கட்டுவது யார், பழுதானால் திருத்த வருவது யார் என்ற இடத்தில்தான் நிற்கிறது. சிஎஸ்நெட்டுக்கும் அதே சிக்கல்தான் இருந்தது. உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

சரி அம்மா, மகனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். எடுரோம் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு வைஃபையைத் திறந்து வைக்கலாம். எதிரே இருப்பது உண்மையில் மொறட்டுவைதான் என்று காட்டுகிற சான்றிதழைப் போனில் சரிபார்க்க வேண்டாம் என்று விட்டிருந்தால், போன் அந்தப் போலியையும் நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடக்கூடும். அதனால் நண்பர்கள் சொல்லும் குறுக்குவழியில் அமைக்காமல், மொறட்டுவையின் கம்ப்யூட்டர் பிரிவு தரும் முறைப்படியே போனை அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.