கிறீன் வைத்தியரின் தபால்கள்

(திருகோணமலையில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆசுபத்திரிகளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்றே காலம் கழித்தவன் நான். மேடை பழக்கமில்லை.

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம், 2009-க்கு முந்தி. பாதைப் படகில் ஏறி, அப்புறம் பஸ் பிடித்து ஓர் உம்மா மாதாமாதம் வருவார். குளிசைகளை எண்ணி உறையில் போட்டு, மேலே ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிக் கொடுப்பேன். ஒருநாள் உறையை வாங்கியபிறகும் அவர் நகரவில்லை. கிளினிக் கொப்பியை என் பக்கம் திருப்பி, “மகன், எனக்கு என்ன வருத்தமென்று இதில எழுதியிருக்கு?” என்றார். ஆறு வருசமாகச் சுமக்கிற கொப்பி. எல்லாம் இங்கிலீஷ். சீனியையும் பிறசரையும் சொல்லிவிட்டேன். கீழே இன்னொன்று இருந்தது. அதற்குத் தமிழ்ச் சொல் என் வாயில் வரவில்லை.

தமிழில் வைத்தியம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் கடிதங்களை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த வெட்கத்தில்தான்.

ஆளை உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் ஊரில் 1822-ல் பிறந்தவர். மிசன் வைத்தியராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தார், வைத்தியம் படிப்பித்தார். 60-க்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். முதலில் இங்கிலீஷில் படிப்பித்தவர், 1864 தொடக்கம் தமிழுக்கு மாறினார். அவர் இறந்து ஏழு வருசம் கழித்து, 1891-ல், அவருடைய வாழ்க்கையையும் கடிதங்களையும் சேர்த்துக் குடும்ப நண்பர்களுக்காக ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். அந்த வீடும் சாதாரண வீடல்ல. நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரும் பங்குள்ள அண்ட்ரூ கிறீன் இவருடைய அண்ணன். அண்ணன் பூங்கா அமைக்க, தம்பி மானிப்பாயில் கட்டி அறுத்துக்கொண்டிருந்தார்.

கடிதமொன்றில் நன்றாகக் கோபப்படுகிறார். படித்து வெளியேறும் மாணவர்கள் சட்டையும் களிசானும் சப்பாத்தும் போடுகிறார்களாம். வாழையிலையையும் விரலையும் விட்டுக் கோப்பைக்கும் கரண்டிக்கும் போய்விட்டார்களாம். செலவு கூடுகிறது, சனம் விலகுகிறது. இனிமேல் சொந்த உடுப்போடு இருக்கச் சம்மதிப்பவர்களைத்தான் வகுப்பில் சேர்ப்பேன் என்கிறார். இதைப் படித்துப் புல்லரித்துப்போகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு இல்லை. வளர்ந்த மனிசன் என்ன உடுப்பது என்று இன்னொருவர் சொல்லவா வேண்டும்? மதம் மாற்றவும் வந்தவர் அவர், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கிராமத்து வைத்தியர் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்ற கவலை இருக்கிறதே, அது சரியான கவலை.

என்னைப் பிடித்து இருத்தியது வேறு. உடல்நலம் கெட்டு 1873-ல் ஊர் திரும்பினார். அதோடு ஓய்ந்திருக்கலாம். அவரோ வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவப் புத்தகங்களைச் செய்துகொண்டிருந்தார். ‘கெமிஸ்தம்’ 1875-ல் வந்தது. மனித உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் ‘மனுஷ சுகரணம்’ 1883-ல். இரண்டும் அவர் இங்கே இல்லாத காலத்தில் அச்சேறியவை. ஒரு கேள்வி எழுதிப் போட்டால் பதில் வர மாதக்கணக்காகும். பனி கொட்டும் ஊரில், சுற்றிலும் தமிழ் பேச ஆளில்லாமல், ஒரு மனிசன் குடல் அசைவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்திருக்கிறார்.

அவருடைய வழி இதுதான்: முதலில் தமிழில் சொல் தேடு, இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் எடு, அங்கும் இல்லாவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், சத்திரசிகிச்சைக்கு இரணவைத்தியம். கெமிஸ்ட்ரிக்கு ஒரு வாலை ஒட்டிக் கெமிஸ்தம்! பெரும்பாலானவை இன்று வழக்கில் இல்லை. நாங்கள் இரசாயனவியல் என்கிறோம், தமிழ்நாட்டார் வேதியியல் என்கிறார்கள். சொல் தோற்றால் என்ன, அதைப் படித்து வைத்தியரானவர்கள் கத்தி பிடித்தார்கள், பிள்ளைப்பேறு பார்த்தார்கள்.

1884-ல் காலமானார். ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்று கல்லறையில் பொறிக்கும்படி அவரே கேட்டிருந்தார்.

ஒரு குறை எனக்கு. அந்தக் கடிதப் புத்தகத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரு பக்கத்துக் குரல். மானிப்பாய் மாணவர்களின் பக்கம் அவ்வளவாகக் கேட்பதில்லை. புத்தகங்களைத் தமிழாக்கும்போது கூட உழைத்தவர்கள் அவர்கள். எந்தச் சொல்லுக்குச் சண்டை பிடித்தார்கள், எதை “ஐயா, இது சரிவராது” என்று திருப்பி அனுப்பினார்கள்? அமெரிக்காவில் கிறீன் வீட்டார் கடிதங்களைப் பெட்டியில் வைத்தார்கள். இங்கே கறையான், மழை, இடப்பெயர்வு.

உங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் பழைய வைத்தியப் பரம்பரையின் கடிதமோ கொப்பியோ கிடந்தால், எரிக்க முதல் என்னிடம் ஒருக்கால் காட்டுங்கள். உட்துறைமுக வீதியில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். தேத்தண்ணி ஆறுகிறது, வாருங்கள்.