ஜப்பானிய மொழியில் ஒத்த சொற்கள்: தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

[திரையில்: நெற்கதிர், அரிசி மூட்டை, சோற்றுக் கிண்ணம். ஒவ்வொன்றின் கீழும் ஜப்பானியப் பெயர், ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்தில்]

வயல்ல நிக்கிறது நெல். மூட்டையில வர்றது அரிசி. வெந்து இறங்கினா சோறு. இங்கிலீஷ்ல மூணுக்கும் ரைஸ்னு ஒரே சொல்லை வச்சு ஒப்பேத்திடலாம். ஜப்பானியத்துல முடியாது. வயல்ல இருந்தா இனெ, கடையில வாங்கினா கொமெ, கிண்ணத்துல போட்டுச் சாப்பிட்டா கொஹன். போதாக்குறைக்கு நாலாவதா ஒண்ணு: அதே சோறு தட்டையான தட்டுல, கட்லெட்டுக்குப் பக்கத்துல வந்தா மெனுவுல அதுக்குப் பேரு ராய்ஸு.

முதல் மூணையும் தமிழ் தெரிஞ்சவங்க மனப்பாடம் பண்ணவே தேவையில்ல. கோடு ஏற்கெனவே நம்ம மண்டைக்குள்ள கிழிச்சிருக்கு. ஆனா நம்மள்ல முக்காவாசிப் பேரு ஜப்பானியம் படிக்கிறது இங்கிலீஷ் வழியா. ஆப்ல ரெண்டு சொல்லுக்கு ஒரே இங்கிலீஷ் அர்த்தம் போட்டிருக்கும், அதைப் பார்த்துக் குழம்பிப் போறோம். அந்த நேரத்துல இங்கிலீஷை ஓரமா வச்சிட்டு, இதை வீட்டுல தமிழ்ல எப்படிச் சொல்லுவோம்னு கேட்டுப் பாருங்க. பல ஜோடி அங்கேயே பிரிஞ்சிடும். சில இடத்துல தமிழோட கோடும் ஜப்பானியக் கோடும் ஒரு சாண் தள்ளி ஓடும். தப்பு நடக்கிறது அந்த ஒரு சாண்லதான்.

[திரையில் குறிப்பு: தமிழ் எழுத்தில் க, த, ப ஆகியவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் பிரியாது. உச்சரிப்பைக் குரலைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளவும்]

முதல்ல சுலபமானது. சமுய், த்சுமெதாய். ரெண்டுக்கும் இங்கிலீஷ் அர்த்தம் கோல்டு. தமிழ்ல? காத்து பட்டு உடம்பு நடுங்கினா 'குளிருது'. டம்ளரைத் தொட்டா 'ஜில்லுனு இருக்கு'. குளிருதுங்கிறது சமுய், ஜில்லுங்கிறது த்சுமெதாய். அதனால 'சமுய் மிஸு'ன்னு தண்ணியைச் சொல்லவே கூடாது, 'த்சுமெதாய் மிஸு'தான். இதோட சேர்த்து இன்னொண்ணு: மிஸுன்னாலே பச்சைத் தண்ணி. காய வச்ச தண்ணிக்கு ஒயுன்னு தனிச்சொல் இருக்கு. 'சூடான மிஸு'ன்னு சொல்றது வெந்நீருக்கு 'சூடான பச்சைத்தண்ணி'ன்னு சொன்ன மாதிரி.

அடுத்தது மியெரு, மிராரெரு. ரெண்டும் 'பார்க்க முடியும்'னுதான் புத்தகத்துல இருக்கும். ஜன்னலைத் திறந்தா மலை 'தெரியுது', அது மியெரு. நீங்க முயற்சி எதுவும் பண்ணல, அதுவா வந்து கண்ணுல படுது. அந்தப் படத்தை நெட்டுல 'பார்க்கலாம்', அது மிராரெரு. வசதி இருக்கு, வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். போன்ல குரல் விட்டு விட்டு வந்தா 'கேக்கல'ன்னு சொல்லுவோமே, அது 'கிகொயெமாசென்'. அந்த இடத்துல 'கிகெமாசென்'னு சொன்னா, கேக்கிற வாய்ப்பே எனக்கு இல்லைன்னு வேற எங்கேயோ போயிடும்.

ஒமொஉ, கங்கயெரு. நினைக்கிறது, யோசிக்கிறது. அவ்வளவுதான். 'நாளைக்கு மழை வரும்னு நினைக்கிறேன்'னா ஒமொஉ. மூளையைப் போட்டுக் கசக்கினா கங்கயெரு. ஒரே ஒரு பொறி: 'தனகா-சான் வா குரு தொ ஒமொய்மாஸ்'னா, தனகா வருவார்னு நான் நினைக்கிறேன்னு அர்த்தம். தனகா நினைக்கிறார்னு சொல்லணும்னா 'ஒமொத்தெ இமாஸ்'னு முடிக்கணும். ஒமொய்மாஸ்ல முடிஞ்சா நினைக்கிறவர் பேசுறவர்தான்.

[திரையில்: நடுவில் ஒரு வட்டம். உள்ளே 'நான், என் வீட்டார்'. வெளியே 'மற்றவர்'. வெளியே போகும் அம்பு: அகெரு. உள்ளே வரும் அம்பு: குரெரு]

இப்ப கொஞ்சம் நின்னு பார்க்க வேண்டிய ஜோடி. அகெரு, குரெரு. ரெண்டும் கொடுக்கிறதுதான். என் பக்கத்துலேர்ந்து வெளியே போனா அகெரு, வெளியேர்ந்து என் பக்கம் வந்தா குரெரு. 'நண்பன் எனக்குப் புத்தகம் குடுத்தான்'ங்கிறதுக்கு 'தொமொதாச்சி கா வதாஷி நி ஹொன் ஒ அகெதா'ன்னு எழுதுறதுதான் எல்லா வகுப்புலயும் வர்ற தப்பு. 'குரெதா'ன்னு வரணும். குரெதான்னு சொல்லிட்டாலே எனக்குன்னு தெரிஞ்சிடும், 'வதாஷி நி'யைத் தூக்கிடலாம்.

இது ஏதோ ஜப்பான்காரங்க விசித்திரம்னு நினைக்காதீங்க. தொல்காப்பியத்துல கிளவியாக்கம்ங்கிற இயல்லயே இந்தக் கணக்கு இருக்கு. தருதல், வருதல் ரெண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும். செல்லுதல், கொடுத்தல் ரெண்டும் படர்க்கைக்கு. எனக்கோ உனக்கோன்னா தா, அவனுக்குன்னா கொடு. மலையாளத்துல இன்னிக்கும் இந்த வித்தியாசம் உயிரோட இருக்கு. நம்ம பேச்சுல ரெண்டும் கலந்துபோச்சு, அவ்வளவுதான். குரெருவைப் பார்த்தா 'தா'வையும், அகெருவைப் பார்த்தா 'கொடு'வையும் ஞாபகம் வச்சுக்குங்க.

இனிமே தமிழ் காலை வாருற இடம் ரெண்டு. ஒண்ணு, வட்டத்தோட அளவு. நண்பன் என் தங்கச்சிக்குக் குடுத்தாலும் ஜப்பானியத்துல குரெருதான், ஏன்னா தங்கச்சி என் வட்டத்துக்குள்ள. தொல்காப்பியக் கணக்குப்படி அவ படர்க்கை.

ரெண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. ஒரு பெரியவர் பை தூக்கிட்டு வர்றார். 'தூக்கித் தரட்டுமா சார்'னு கேட்டா தமிழ்ல மரியாதை. அதையே அப்படியே மாத்தி 'மொத்தெ அகெமாஷோ கா'ன்னு உங்க மேனேஜர்கிட்ட கேட்டா, 'பாவம், உனக்கு ஒரு உபகாரம் பண்ணட்டுமா'ங்கிற தொனி வந்துடும். வினையோட அகெரு சேர்ந்தா உதவியைச் சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடும். மேல இருக்கிறவங்ககிட்ட 'ஒமொச்சி ஷிமாஷோ கா'ன்னு கேளுங்க. திருப்பிப் போட்டா நல்லதே நடக்கும்: அடுத்தவங்க நமக்குப் பண்ணினதைச் சொல்லும்போது 'ஒஷியெதெ குரெமாஷிதா'ன்னு குரெருவைச் சேர்த்துச் சொல்லுங்க. வெறும் 'ஒஷியெமாஷிதா' செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். குரெரு சேர்ந்தாதான் நன்றி உள்ளே வரும்.

[திரையில்: 'தெரியாது' என்ற ஒரு சொல், அதிலிருந்து இரண்டு கோடுகள் பிரிகின்றன]

ஷிரு, வகரு. இதுல தமிழை நம்பினா பாதி கிணறுதான். தெரியும்னா ஷிரு, புரியும்னா வகருன்னு பிரிச்சு வச்சுக்குவோம். சரிதான். தனகாவோட போன் நம்பர் தெரியாதுன்னா 'ஷிரிமாசென்'. பாடம் புரியலைன்னா 'வகரிமாசென்'.

ஆபீஸ்ல ஒருத்தர் கேக்கிறார்: நாளைக்கு விருந்துக்கு வர்றீங்களா? நீங்க இன்னும் முடிவு பண்ணல. தமிழ்ல 'தெரியலைங்க' வரும். தெரியலைன்னா ஷிருதானேன்னு 'ஷிரிமாசென்'னு சொன்னீங்கன்னா, எதிர்ல இருக்கிறவர் முகம் சுருங்கும். அது 'எனக்கென்ன தெரியும், எனக்கென்ன வந்துச்சு'ங்கிற மாதிரி விழும். காரணம் இதுதான்: ஷிரு வெளியேர்ந்து ஒரு தகவல் உள்ளே வர்றது. உங்க சொந்தத் திட்டம் வெளியேர்ந்து வர்ற தகவல் கிடையாது, உங்களுக்குள்ளதான் தெளிவாகணும். அதனால 'மதா வகரிமாசென்', இன்னும் முடிவாகலைங்க. உங்க விருப்பம், உங்க வேலை, உங்க பயணம் பத்தின கேள்வின்னா கண்ணை மூடிட்டு வகருவை எடுங்க.

இலக்கணத்துல ஒரு சின்ன கோணலும் இருக்கு. தெரியும்னா 'ஷித்தெ இமாஸ்'. அதோட எதிர்மறை 'ஷித்தெ இமாசென்'னுதானே வரணும்? வராது. 'ஷிரிமாசென்'னுதான் சொல்லுவாங்க.

[திரையில்: சாலையோரப் பலகை. இரண்டு வரி]

தொ, தரா, நரா. தமிழ்ல 'ஆல்' ஒண்ணை வச்சே குடும்பம் நடத்துறோம்: வந்தால், போனால், குடித்தால். ஜப்பானியத்துல எதை எடுக்கிறதுன்னு தலை சுத்தும். ஜப்பான்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சாலைப் பாதுகாப்பு வாசகமே இதுக்குப் பாடம் எடுக்குது: 'நொந்தரா நொரு நா, நொரு நரா நொமு நா'. குடிச்சிட்டா வண்டியை எடுக்காதே. வண்டியை எடுக்கிறதா இருந்தா குடிக்காதே.

முதல் பாதியில தரா. குடிச்சு முடிஞ்சாச்சு, அதுக்கப்புறம் நடக்கிறதைப் பத்தின பேச்சு. ரெண்டாம் பாதியில நரா. வண்டி இன்னும் எடுக்கல, எடுக்கப் போறதா இருந்தா அதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு சொல்லுது. ஆக, உங்க தமிழ் வாக்கியத்துல 'ஆ'வை எடுத்துட்டு 'பிறகு' போட்டுப் பாருங்க. பொருந்தினா தரா. 'றதா இருந்தா'தான் பொருந்துதுன்னா நரா. 'கியோதொ போனா ஷின்கான்சென்தான் வசதி'ங்கிறதைப் பாருங்க; ஷின்கான்சென்னா புல்லட் ரயில். போன பிறகு எதுக்கு ஷின்கான்சென்? போறதா இருந்தாதானே! அதனால 'இகு நரா'. 'இத்தரா' போட்டா கியோதொல இறங்கின பிறகு ரயில் வசதின்னு ஆயிடும்.

தொ கொஞ்சம் கறாரு. இது நடந்தா அது தன்னால நடந்தே தீரும்ங்கிற இடத்துக்கு மட்டும்: பட்டனை அழுத்தினா டிக்கெட் வரும், நேரா போனா ஸ்டேஷன் வரும். அதுக்குப் பின்னாடி 'செய்யுங்க', 'செய்யப் போறேன்', 'செய்யணும்' எதுவும் ஒட்டாது. 'ஸ்டேஷனுக்கு வந்தா போன் பண்ணுங்க'ன்னு சொல்ல 'எகி நி த்சுய்தரா'தான், 'த்சுகு தொ' போட்டா தப்பு. பேசும்போது சந்தேகம் வந்தா தராவை எடுங்க, மூணுல அதுதான் ரொம்ப நெளிவு சுளிவு உள்ளது. 'கதவைத் திறந்தா வெளியே பனி!'ன்னு நடந்து முடிஞ்ச ஆச்சரியத்தைக் கூட அது தாங்கும். நராவால அது முடியாது.

[திரையில்: கடையின் மூடிய கதவில் ஓர் அறிவிப்பு]

சொல்லோட தரம் பத்தி ஒரு விஷயம். தொடங்கு, ஆரம்பி, ஸ்டார்ட் பண்ணு மாதிரியே ஜப்பானியத்துலயும் மூணு அடுக்கு: ஹஜிமெரு அவங்க சொந்தச் சொல், கைஷி சுரு சீன வழிச் சொல், ஸ்தாதொ சுரு இங்கிலீஷ்லேர்ந்து வந்தது. இங்கே தமிழ் மூளை தலைகீழா வேலை செய்யும். நமக்குத் தூய தமிழ்னா மேடைப் பேச்சு. அங்கே சொந்தச் சொல்தான் வீட்டுப் பேச்சு, சீன வழிச் சொல்தான் அறிவிப்புப் பலகை. பேச்சுல கியோ, கடைக் கதவுல ஹொன்ஜித்சு. நம்ம ஊர்ல 'இன்னிக்கு லீவு', 'இன்று விடுமுறை' மாதிரி. நண்பன்கிட்ட 'நான் நாளையிலேர்ந்து ஓட்டப் பயிற்சி கைஷி சுரு'ன்னு சொன்னா சிரிப்பான்.

தமிழ்லயும் பதில் கிடைக்கலைன்னா? இணையத்துல ரெண்டு சொல்லையும் போட்டு நடுவுல 'தொ', கடைசியில 'நொ சிகாய்'னு ஜப்பானிய எழுத்துல தேடுங்க. வித்தியாசம் என்னன்னு ஜப்பான்காரங்களே கேட்ட கேள்விகள் வரிசையா வரும். விளக்கத்தை விட உதாரண வாக்கியங்களைப் படிங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் மூணு வாக்கியம் எடுத்து, சொல்லை மட்டும் மாத்திப் போட்டு, எது உடையுதுன்னு பாருங்க.

இன்னும் உறுதியா வேணும்னா, ஜப்பான் தேசிய மொழி ஆய்வு நிறுவனம் திரட்டின, சுமார் 10 கோடி சொற்கள் கொண்ட எழுத்து மொழித் தொகுப்பு இருக்கு. 'ஷோனாகோன்'ங்கிற தேடல் பக்கத்துல பதிவு பண்ணாமலே தேடலாம். ஒரு எச்சரிக்கை: அது நீங்க அடிச்ச எழுத்தை அப்படியேதான் தேடும். த்சுமெதாயை ஹிரகானாவுல ஒரு தடவை, காஞ்சிங்கிற சீன வழி எழுத்துல ஒரு தடவைன்னு ரெண்டு விதமாவும் அடிக்கணும். இல்லைன்னா பாதி முடிவு கண்ணுல படாது, இந்தச் சொல் புழக்கத்துலயே இல்லைன்னு தப்பா முடிவு பண்ணிடுவீங்க.

அட்டை போட்டுப் படிக்கிறவங்க பின்பக்கத்துல அர்த்தத்தை எழுதாதீங்க. கூட வர்ற சொல்லை எழுதுங்க: த்சுமெதாய்க்குப் பின்னாடி தண்ணி, கை, மனசு. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கிற ஜே.எல்.பி.டி. தேர்வுல, என்-4 நிலையிலேர்ந்து 'யோஹோ'ன்னு ஒரு கேள்வி வகை வரும். ஒரே சொல்லை நாலு வாக்கியத்துல போட்டு, எதுல சரியா வந்திருக்குன்னு கேப்பாங்க. அர்த்தம் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு நாலுமே சரியாத்தான் தெரியும்.

[திரையில்: இரண்டு வாக்கியங்கள். ஐந்து வினாடி இடைவெளி]

ரெண்டு வாக்கியம் தர்றோம், வீடியோவை நிறுத்திட்டு யோசிங்க. ஒண்ணு: 'ஜப்பான் போனா கேமரா வாங்கு', வாங்குறது தோக்கியோ கடையில. ரெண்டு: 'ஜப்பான் போனா கேமரா வாங்கு', வாங்குறது கிளம்புறதுக்கு முன்னாடி, சென்னையில.

[திரையில்: விடை]

தோக்கியோ கடைன்னா 'இத்தரா', போய் இறங்கின பிறகு. சென்னைன்னா 'இகு நரா' மட்டும்தான். தோக்கியோவுக்கு 'இகு நரா' போட்டவங்களுக்கும் முழு மார்க் உண்டு, போறதா இருந்தா அங்கே வாங்குன்னும் சொல்லலாமே. சென்னைக்கு 'இத்தரா' போட்டவங்க, சாலைப் பலகை வாசகத்தை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லிப் பாருங்க.